வேடமும் வெற்றியும்: இணையக் கற்பனை உலகங்களில் இருவகை ஆட்டம்

முன்னுரை

விளையாட்டு மனித வாழ்வோடு உடன்பிறந்த ஒன்று. உவகை பிறக்கும் இடங்களை மெய்ப்பாட்டியலில் எண்ணும் தொல்காப்பியர் செல்வம், புலன், புணர்வு ஆகிய மூன்றோடு விளையாட்டையும் சேர்த்து நான்கு என்பார். உவகைக்குப் பிறப்பிடமாகிய அவ்விளையாட்டே சில வேளைகளில் பூசலுக்கும் பிறப்பிடமாகிவிடுவதை நாம் காண்கிறோம். ஒருவர் பொழுது இனிதாகக் கழிய வேண்டுமென ஆடுகிறார். மற்றொருவர் வென்றே தீரவேண்டுமென ஆடுகிறார். இருவரும் ஒரே களத்தில் இறங்கினால் யாருடைய விருப்பத்திற்கு முதலிடம் தருவது? இவ்வினா இணையவழிக் கற்பனை உலகங்களில் மிகக் கூர்மையாக எழுந்தது. அது எழுந்த வரலாற்றையும், அதற்குக் கண்ட விடைகளையும் இக்கட்டுரையில் சுருக்கமாக ஆராய்வோம்.

போட்டியும் பாவனையும்

பிரெஞ்சு அறிஞர் ரொழே கயுவா 1958-இல் வெளியிட்ட நூலில் விளையாட்டுகளைப் போட்டி, நற்பேறு, பாவனை, கிறுகிறுப்பு என நான்காகப் பகுத்தார். சதுரங்கம் போட்டியைச் சாரும். தாயம் உருட்டுவது நற்பேற்றைச் சாரும். சிறுவர் அரசனும் அமைச்சனுமாக நடிப்பது பாவனை. இராட்டினம் சுற்றுவது கிறுகிறுப்பு. போட்டிக்கு முடிவு உண்டு. வென்றவர் யார் என்பது ஐயமின்றித் தெரியும். பாவனைக்கோ அத்தகைய முடிவு இல்லை. நன்றாக நடித்தோம் என்னும் நிறைவே அதன் பயன்.

இவ்விரண்டையும் ஒரே மேசைமீது கொண்டுவந்த விளையாட்டு, அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் 1974-இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆகும். சிறு பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து அது கிளைத்தது. ஆதலால் வலிமையைக் கணக்கிடும் எண்கள் அதில் உண்டு; அதே வேளையில் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் புனைந்து பேசும் இன்பமும் உண்டு. மேசையைச் சுற்றி அமர்ந்தோர் சிலரே. நடுவர் ஒருவரும் உடனிருந்தார். ஒருவர் முகம் வாடினால் அவர் கண்டுகொள்வார். கதையைச் சற்றே திருப்பிவிடுவார். இணையத்தில் ஆட்டம் பரவியபோது ஆடுவோர் பல்லாயிரவராயினர்; வாடும் முகத்தைக் காணும் நடுவரோ இல்லாமற் போயினார். சிக்கலின் வேர் இதுவே.

பார்ட்டில் கண்ட நால்வகையினர்

பலர் ஒரே நேரத்தில் உலவும் முதல் கணினிக் கற்பனை உலகங்களுள் ஒன்று, இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-இல் ராய் ட்ரப்ஷா என்னும் மாணவர் தொடங்கிய 'மட்' ஆகும். அதனை வளர்த்தெடுத்தவர் ரிச்சர்ட் பார்ட்டில். படங்கள் ஏதுமின்றி எழுத்துகளாலேயே அமைந்த உலகம் அது.

பார்ட்டில் 1996-இல் வெளியிட்ட கட்டுரையில் ஆடுவோரைச் சீட்டுக்கட்டின் நான்கு இனங்களோடு ஒப்பிட்டு நால்வகைப்படுத்தினார். புள்ளியும் பொருளும் ஈட்டுவோர் ஒரு வகை. உலகின் மூலை முடுக்குகளைத் தேடிக் காண்போர் ஒரு வகை. பிறரோடு உரையாடி உறவாட வந்தோர் ஒரு வகை. பிறரை வீழ்த்தி மகிழ்வோர் ஒரு வகை. இந்நால்வரும் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்கின்றனர் என்பதே அவர் கருத்தின் உயிர்நாடி. வீழ்த்துவோர் பெருகினால் உறவாட வந்தோர் விரைந்து வெளியேறுவர்; ஈட்டுவோரும் குறைவர். உறவாட்டம் ஒன்றே மிகுந்தாலோ விளையாட்டு தேய்ந்து வெறும் அரட்டைக் கூடமாகிவிடும். எவ்வகையினரையும் அடியோடு ஒழிப்பது நலமன்று. அளவறிந்து நிறுத்துவதே அறிவுடைமை என்பது இதனால் பெறப்படும்.

இரண்டாகப் பிரிந்த உலகம்

இக்கருத்துக்கு நல்ல சான்று 1997-இல் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்'. அங்கே தச்சராகவும் தையற்காரராகவும் கொல்லராகவும் அமைதியாக வாழலாம். ஆனால் ஊர் எல்லையைக் கடந்தால் எவரும் எவரையும் கொன்று உடைமைகளைப் பறிக்கலாம் என்னும் நிலை இருந்தது. சுரங்கத்தில் கனிமம் வெட்டிக் கொண்டிருந்த புதியவரை, படைக்கலம் தாங்கிய பழையவர் வெட்டிச் சாய்ப்பது அன்றாட நிகழ்ச்சியாயிற்று. முன்னவருக்கு அது பல நாள் உழைப்பின் அழிவு. பின்னவருக்கு அது ஒரு நொடி வேடிக்கை.

இந்நிலையை மாற்ற 2000-ஆம் ஆண்டில் அவ்வுலகத்தை இரண்டாக்கினர். பழைய உலகம் 'ஃபெலுக்கா' எனப்பட்டது. அதன் மறுபடியாகிய 'ட்ரம்மல்' என்னும் உலகில், உடன்படாதவரைத் தாக்க இயலாது. பெரும்பாலோர் ட்ரம்மலுக்கே குடிபெயர்ந்தனர். அமைதி கிட்டியது உண்மையே. ஆயினும், அச்சமில்லாத உலகில் வீரத்திற்கு என்ன பொருள் என்று கேட்டவர்களும் உண்டு. வழிப்பறிக்காரர் இல்லையெனின் வழிக்காவலர் வேடமும் இல்லையன்றோ? பிரிவினை பூசலைத் தீர்த்தது. கதையின் சுவையைச் சற்றே குறைத்தது.

வாயிலை அகலத் திறத்தல்

2004-இல் வெளியான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வேறொரு வழியை மேற்கொண்டது. இயல்பான ஆட்டத்திற்கும், ஆடுவோர் தமக்குள் போரிடும் ஆட்டத்திற்கும், வேடப் புனைவுக்கும் எனத் தனித்தனி உலகங்களை அது முன்னரே வகுத்து அறிவித்தது. ஆயினும் வேறொரு வகையில் ஏற்றத்தாழ்வு தோன்றிற்று. தொடக்க நாள்களின் பெரும் படையெடுப்புகளுக்கு நாற்பது பேர் தேவைப்பட்டனர். நாற்பது பேரைக் குறித்த நாழிகையில் ஒன்றுகூட்டுவது எளிதா? வேலையும் குடும்பமும் உடையோர் அக்காட்சிகளைக் காணாமலே நின்றனர்.

2007-இல் அவ்வெண்ணிக்கை 25 ஆகவும் 10 ஆகவும் குறைக்கப்பட்டது. 2011-இல், முன்பின் அறியாதோரைத் தானே சேர்த்து எளிய நிலையில் படையெடுக்கச் செய்யும் ஏற்பாடு வந்தது. கடும்பயிற்சி உடையோர்க்குக் கடிய நிலையும், ஓய்வு நேரத்தினர்க்கு எளிய நிலையும் ஒரே கதைக்கு அமைந்தன. 2018-இல், தமக்குள் போரிடும் விருப்பத்தை ஒவ்வொருவரும் தாமே ஏற்கவும் விலக்கவும் வகை செய்யப்பட்டது. உலகத்தைப் பிரிப்பதினும் உரிமையை ஆள்தோறும் அளிப்பது மேல் என்பது இதனால் விளங்கும்.

வேடப் புனைவின் எழுதா விதிகள்

நிறுவனத்தார் வகுக்கும் விதிகளினும் ஆடுவோர் தாமே வளர்த்துக்கொண்ட மரபுகள் நுட்பமானவை. வேடத்தில் பேசும் சொல் வேறு, வேடம் கலைந்து பேசும் சொல் வேறு எனக் காட்ட, பின்னதை அடைப்புக்குறிக்குள் இடுவது அவர்தம் வழக்கம். பகைவனாக நடிப்பவர் உண்மையில் பகைவரல்லர் என்பதை அச்சிறு குறி நினைவூட்டுகிறது.

மற்றொரு மரபு இன்னும் சிறந்தது. 'வாளை ஓங்கினேன்' என்று எழுதலாம்; 'உன் கையை வெட்டி வீழ்த்தினேன்' என்று எழுதுதல் கூடாது. முயற்சி தம்முடையது, விளைவு எதிராளி சொல்லவேண்டியது. எப்போதும் தாமே வெல்வதாக எழுதுவோரைக் குழுவினர் மதிப்பதில்லை. உடன்பாடு எட்டாவிடின் ஒன்று முதல் நூறு வரை எண்ணுருட்டி, வருவதை இருவரும் ஏற்பர். தோல்வியை அழகாக நடிப்பவரே அங்குச் சிறந்த கலைஞராக மதிக்கப்படுகிறார். போட்டி நாட்டமுடையோர் கற்கவேண்டிய பாடம் இது.

அணிகளுக்குள் நேரும் பிணக்கு

'கில்டு' எனப்படும் அணிகளிலும் இச்சிக்கல் உண்டு. 1999-இல் வெளிவந்த 'எவர்குவெஸ்ட்' விளையாட்டில், அரிய பொருள்களைப் பங்கிடப் புள்ளிமுறை ஒன்று தோன்றியது. வேட்டைக்கு வந்தோர்க்குப் புள்ளி. அப்புள்ளியைச் செலவிட்டுப் பொருள் பெறலாம். முகமறியாதோரிடையே நீதி காக்க அது உதவியது. ஆனால் நாள்தோறும் வருவோர் முந்த, வாரம் ஒருமுறை வருவோர் பிந்தினர். விளையாட்டு வருகைப் பதிவேடாயிற்று. உறங்கும் பொழுதையும் படிக்கும் பொழுதையும் அது விழுங்கத் தொடங்கியபோது, பெயரளவில் மட்டுமே அது விளையாட்டாக நின்றது.

நல்ல அணித்தலைவர் செய்யத்தக்கன மூன்று. அணியின் நோக்கம் வெற்றியா, கதையா, தோழமையா என்பதைச் சேரும்போதே தெளிவாக உரைத்தல் ஒன்று. கடும்போட்டிக்கும் எளிய ஆட்டத்திற்கும் தனித்தனி நாள்களைக் குறித்தல் இரண்டு. போட்டியில் பின்தங்கியவரைச் சொல்லால் இகழாதிருத்தல் மூன்று. இவற்றுள் மூன்றாவது விதி எழுதுவதற்கு எளிது, காப்பதற்கு அரிது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், சமநிலை என்பது ஒருமுறை நிறுத்திவைத்தால் அசையாது நிற்கும் தூண் அன்று; நாள்தோறும் பார்த்துச் சரிசெய்ய வேண்டிய தராசு என்பது புலனாகும். வெல்ல விரும்புவோர் இல்லையேல் ஆட்டத்திற்கு விறுவிறுப்பு இல்லை. விளையாட விரும்புவோர் இல்லையேல் வென்றவரைப் பாராட்ட ஆள் இல்லை. ஆதலின் வலியவர் தம் வலிமையை எங்கே நிறுத்துவது என்று அறிதலும், எளியவர் தம் விருப்பத்தைத் தயங்காது முன்னரே கூறுதலும் கடமைகளாகும்.

மாணவ நண்பர்களே! திரைக்குப் பின்னால் இருப்பது பொம்மையன்று. நம்மைப் போல் ஒரு மனம். எதிராளி மீண்டும் நாளை ஆட வருவாரா என்று ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் நம்மை நாமே வினவிக்கொள்வோம். வருவார் என்றால், அன்றைய ஆட்டத்தில் இருவருமே வென்றோம் எனலாம்.