தண்ணீர் தெளித்துப் பார்க்கும் மருத்துவம்

மும்பை மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து ஹோட்டல்களில் தோசை மாஸ்டர் மாவை ஊற்றுமுன் கல்லில் ஒரு கை தண்ணீர் தெளிப்பார். துளிகள் எங்கும் சுர்ரென்று ஆவியானால் கல் பதம். ஓரிடத்தில் மட்டும் ஒட்டி உட்கார்ந்தால் அங்கே தோசை பிய்யும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயப் படபடப்புக்குச் செய்யும் அப்லேஷன் சிகிச்சை பலிக்குமா என்று இதய மருத்துவர்கள் பார்ப்பதும் இப்படித்தான்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் நிமிடத்துக்கு 350 தடவைக்கு மேல் துடிக்கும். துடிப்பு என்பதைவிட நடுக்கம் என்பதே சரி. உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியானால், அது மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம்.

இந்த நடுக்கத்தைக் கிளப்பும் பொறி எங்கே பிறக்கிறது? பிரான்ஸின் போர்தோ நகரில் மருத்துவர் ஹைசகேரின் குழு 1998-இல் இதற்கு விடை சொன்னது. 45 நோயாளிகளிடம் கண்ட 69 பொறிகளில் 65, நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் சிரைகளில் இருந்தன. அதனால்தான் தொடை இடுக்கு வழியாகக் கதீட்டர் குழாயை ஏற்றி, அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றி வட்டமாகச் சுடுகிறார்கள். சில இடங்களில் குளிரால் உறைய வைக்கிறார்கள். தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. பொறி வெளியே வராது. இதுதான் அப்லேஷன்.

சிரைகள் அடுப்பு, மேலறைச் சுவர் கல் என்று வையுங்கள். கோளாறு அடுப்பில் என்றால் அடுப்பைச் சரிசெய்தால் போதும். கல்லே துருவேறியிருந்தால்? மேலறைச் சுவர் வருடக்கணக்கில் நடுங்கினால் விரிகிறது, நார் படிகிறது. அப்புறம் சிரையின் பொறியைத் தடுத்தாலும் சுவரே நடுக்கத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வந்துவந்து போகும் நிலையில் அப்லேஷன் நன்றாகப் பலிப்பதும், நிலைத்துவிட்டபின் பலன் குறைவதும் இதனால்தான்.

கல்லைச் சோதிக்க மதிப்பெண் கணக்குகள் உண்டு. ஜெர்மனியின் லைப்சிக்கில் உருவாகி 2015-இல் வெளியான 'ஆப்பிள்' கணக்கில் ஐந்து கேள்விகள்: வயது 65-ஐத் தாண்டியதா, படபடப்பு நிலைத்துவிட்டதா, சிறுநீரகம் தளர்ந்ததா, இடது மேலறை 43 மில்லிமீட்டரை எட்டியதா, இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு 50 சதவீதத்துக்குக் கீழா. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. புள்ளி கூடக்கூட நோய் திரும்பும் வாய்ப்பும் கூடும். அது ஒரு கூட்டத்துக்கான கணக்கு. ஓர் ஆளின் தலையெழுத்து அல்ல.

தாராவி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் இடது மேலறைக்குக் கீழே உள்ள மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடலாம். அப்போது மேலறை வீங்குவதே வால்வினால். முதலில் அதைக் கவனிக்காமல் சிரையைச் சுட்டுப் பெரிய பயனில்லை.

கல்லைப் பழக்கவும் முடியும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், அப்லேஷனோடு எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கத்தில் மூச்சடைப்பு ஆகியவற்றையும் கட்டுக்குள் கொண்டுவந்தவர்களுக்கு நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. எனக்கு இதுதான் எல்லா மதிப்பெண்ணையும்விடப் பெரிய செய்தி.

படபடப்பு வந்துவந்து போகிறதா? தானே போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். செம்பூரோ சயானோ, பக்கத்து ஆஸ்பத்திரியில் இந்த வாரமே ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். அப்லேஷன் நல்லபடி முடிந்தாலும் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.