எழும்ப விடுவோம்

உம்மம்மா வழுக்கி விழுந்ததில் எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் மூன்று வாரம் படுக்கையில் கிடந்தபின் கதிரையிலிருந்து அவரால் எழும்ப முடியவில்லை. "வயசு போயிட்டு, இனி இப்படித்தான்" என்றார் உம்மா. வீட்டுக்கு வந்த இயன்மருத்துவரோ ஒருநாள் விட்டு ஒருநாள், கைபிடியைப் பிடித்தபடி பத்துத் தடவை எழும்பி இருக்கச் சொன்னார். எழும்ப முடியாதவரை எழும்பச் சொல்வதா? உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கும் அது விளங்கவில்லை. தேடிப் படித்தேன்.

தசைக் கலங்களினுள் அக்ரின், மயோசின் என்னும் புரத இழைகள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று கடந்து வழுக்கும்போது தசை சுருங்குகிறது. பாரத்தை எதிர்த்துச் சுருங்கும்போது உண்டாகும் இழுவிசையைக் கலம் உணர்ந்து, எம்ரோர் என்னும் புரதத்தைத் தூண்டுகிறது. உடனே இறைபோசோம்கள் அமினோவமிலங்களைக் கோத்துப் புதிய தசைப் புரதங்களை ஆக்கத் தொடங்குகின்றன. இவ்வேலை பயிற்சி முடிந்தபின்னும் ஓரிரு நாட்கள் நீடிக்கும். ஆகவே ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியே.

உணவில் புரதம் குறைந்தால், மேசன் வந்தும் சீமெந்து இல்லாத வீட்டின் கதைதான். முட்டை, மீன், பால், பருப்பு ஆகியவற்றிலுள்ள லியூசின் என்னும் அமினோவமிலம் எம்ரோரையும் தூண்டுகிறது.

தசைநாரின் ஓரத்தில் உறங்கிக் கிடக்கும் துணைக்கலங்களும் உண்டு. 1961இல் அலெக்சாண்டர் மௌரோ இவற்றை இனங்கண்டார். பயிற்சியால் விழித்துப் பெருகும் இவை தசைநாருடன் இணைந்து புதிய கருக்களை வழங்குகின்றன.

முதுமையிலும் இது நடக்குமா? அமெரிக்காவின் போஸ்ரன் நகரில், தொண்ணூறு வயதையொட்டிய முதியோர் சிலர் 8 வாரங்கள் கால்களுக்குப் பாரப் பயிற்சி செய்தனர். 1990இல் வெளியான அந்த ஆய்வின்படி அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 வீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்போ 9 வீதமே கூடியது. தசை பருக்குமுன்பே, இருக்கும் தசையை முழுமையாக இயக்க நரம்புகள் பழகிக்கொள்கின்றன என்பதே இதற்கு முக்கிய காரணம்.

இரண்டு மாதங்களின் பின் உம்மம்மா கைபிடியைப் பிடிக்காமலே எழும்பினார். அவர் அசைந்தாலே ஓடிப்போய்த் தூக்கிவிடுவதுதான் அன்பு என்று நான் நினைத்திருந்தேன். நான் தூக்கிய ஒவ்வொரு தடவையும் அவரது தசைக்குப் போகவேண்டிய செய்தியைத் தடுத்திருக்கிறேன். இப்போது பக்கத்தில் நிற்கிறேன். கையை மட்டும் தயாராக வைத்திருக்கிறேன்.