"உங்க ஊரில் பார்க்க என்ன இருக்கு?"

பெண்ணைத் தஞ்சாவூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். சம்பந்தியம்மா முதல் தடவையாக எங்கள் வீட்டில் நாலு நாள் தங்க வந்தார். "மதுக்கரையில பார்க்கிற மாதிரி என்ன இருக்கு சம்பந்தி?" என்று கேட்டார். "சிமெண்ட் ஃபேக்டரியும் ரயில் ரோடும்தானுங்க" என்று சொல்லிவிட்டு, கூச்சத்தோடு காபி கலக்க எழுந்து போய்விட்டேன். பெரிய கோவில் ஊர்க்காரரிடம் வேறென்ன சொல்வது?

கட்டிலில் படுத்திருந்த மாமியார், "ஏன் அம்மிணி, சுண்டக்காமுத்தூர் எழுத்துப் பாறையைக் கொண்டு போய்க் காட்டறது?" என்றார். வாக்கப்பட்டு வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை!

மறுநாள் விடிந்ததும் கோவைப்புதூர் வழியாகக் கிளம்பினோம். சுண்டக்காமுத்தூர் அய்யாசாமி மலைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு என்பதால், உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டோம். பாறையில் வரிவரியாக எழுத்து. எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. கூட வந்த என் பையன்தான் புத்தகத்தில் படித்ததை வைத்து விளக்கினான்.

அது 'ராஜகேசரிப் பெருவழி' என்ற சாலையின் பெயரைச் சொல்லும் சோழர் கல்வெட்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டையும் சேர நாட்டையும் இணைத்த பாதை அது. ராஜகேசரி என்பது இங்கே முதலாம் ஆதித்த சோழனைக் குறிக்கிறது என்பது அறிஞர்கள் கருத்து. அவர் காலம் 871 முதல் 907 வரை. வட்டெழுத்து, தமிழ் என்று இரண்டு எழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு வாளையார் ரோட்டில் தமிழிலும் மலையாளத்திலும் பலகை வைக்கிறோமே, அது போலத்தான் எனக்குத் தோன்றியது.

"பெரிய கோவில் முடிஞ்சது 1010-ல. அதுக்கு நூறு வருஷம் முந்தியே எங்க ராஜா இங்கே வந்துட்டாரா!" என்று சம்பந்தியம்மா பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இந்தக் கணவாய் வழி வியாபாரம் சோழருக்கும் முந்தியது. பக்கத்து வெள்ளலூரில் 1842-ல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. மேற்குக் கடற்கரையில் இறங்கிய சரக்கு, மலை ஏறாமல் உள்நாட்டுக்கு வர இதுதான் வாசல்.

அங்கிருந்து பேரூர் பட்டீஸ்வரர் கோவில் கிட்டத்தில்தான். உச்சிவேளையில் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள். 17-ம் நூற்றாண்டில் அழகாத்ரி நாயக்கர் எழுப்பிய கனகசபையில், கல்லிலேயே கோத்த சங்கிலியைப் பார்க்கத் தவறாதீர்கள். ஆனி மாதம் போனால் நாற்று நடவுத் திருவிழாவும் பார்க்கலாம். சாயங்காலம் மதுக்கரை தர்மலிங்கேஸ்வரர் மலை ஏறினோம். தருமர் வழிபட்ட இடம் என்பது ஐதீகம். இங்கேயும் இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார், "எழுத்து நல்லாத் தெரியுதா?" என்று கேட்டார். சின்ன வயசில் அந்தப் பக்கம் மாடு மேய்த்தவராம். பாறையில் இருப்பது புதையல் குறிப்பு என்று பெரியவர்கள் சொல்வார்களாம். "எனக்கு எழுத்து தெரியாததாலதான் புரியலைன்னு இத்தனை நாள் நெனச்சுட்டிருந்தேன்" என்றார்.

"எனக்கும் படிக்கத் தெரியலீங்க அத்தை" என்று சொல்லி, பையன் விளக்கியதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நான் மாடு ஓட்டினது ராஜபாட்டையிலன்னு சொல்லு!" என்று பொக்கை வாய் நிறையச் சிரித்தார்.

தோழியரே, புதையல் ஆசையில் உடைபட்ட கற்கள் நம் நாட்டில் எத்தனையோ! உங்கள் ஊர்ப் பக்கமும் ஓர் எழுத்துப் பாறை இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களை இன்றைக்கே கேளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். எழுத்தின் மேல் சாக்பீஸோ எண்ணெயோ பூச மட்டும் விடாதீர்கள். யாராவது "உங்க ஊரில் என்ன இருக்கு?" என்று கேட்டால், என்னை மாதிரி அடுப்படிக்குள் ஓட வேண்டியிருக்காது!

- ஒரு வாசகி, மதுக்கரை.