நிர்வாகியை மாற்றினால் குழு மாறுமா?

காற்பந்துக் குழு சறுக்கினால் காப்பிக்கடையில் முதலில் எழும் குரல், “நிர்வாகியை மாற்று!” என்பதுதான். அது சரியான மருந்தா?

நம்மில் பலர் ஆதரிக்கும் மன்செஸ்டர் யுனைடெட்டையே பாருங்கள். 1986 நவம்பரில் பொறுப்பேற்ற அலெக்ஸ் பெர்குசன், 1989-90 பருவத்தில் லீக்கில் 13ஆம் இடத்தையே பிடித்தார். அவரை நீக்கச் சொன்ன ரசிகர்கள் அன்றும் உண்டு. கழகம் பொறுத்தது. அதே பருவத்தில் எஃப்.ஏ. கிண்ணம் கிடைத்தது. 2013இல் அவர் ஓய்வுபெற்றபோது 13 லீக் பட்டங்களை வென்றிருந்தார்.

அடுத்து வந்த டேவிட் மோய்ஸுக்கு ஆறாண்டு ஒப்பந்தம். பத்தே மாதத்தில், 2014 ஏப்ரலில், நீக்கப்பட்டார். பிறகும் பலர் வந்து போனார்கள். 2018 டிசம்பரில் வந்த சோல்ஷார் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். பருவ முடிவில் ஆறாம் இடம்தான். 2024-25இல் கழகம் 15ஆம் இடத்துக்கு இறங்கியது.

காரணம் என்ன? புதியவர் வந்ததும் உற்சாகம் பிறக்கும். ஆனால் முந்தையவர் வாங்கிய ஆட்டக்காரர்கள் இவருடைய ஆட்டமுறைக்குப் பொருந்துவார்கள் என்பது நிச்சயமில்லை. மீண்டும் வாங்க வேண்டும். போனவருக்கு இழப்பீடும் தரவேண்டும்.

மாற்றமே கூடாதா? அப்படியில்லை. செல்சி 2021 ஜனவரியில் லம்பார்டை நீக்கி டுக்கெலை அமர்த்தியது. மே மாதமே சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. அங்கே திறமையான ஆட்டக்காரர்கள் இருந்தார்கள்; ஒழுங்குபடுத்த ஆள் தேவைப்பட்டது.

ஆகவே, உங்கள் குழு அடுத்தமுறை சறுக்கினால் முதலில் கேளுங்கள்: குறை நிர்வாகியிடமா, ஆட்டக்காரர்களை வாங்கும் மேலிடத்திடமா?