காணொலிக் கூட்டம் பயன்தர உழவர் கருத்தைக் கேளுங்கள்

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது உழவர் பயிற்சிகள் பல கைபேசி வழியே நடத்தப்பட்டன. ஊரடங்கு நீங்கிய பின்னரும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் ஆர்வலர் குழுக்களும் காணொலிக் கூட்டங்களைத் தொடர்கின்றன. இவற்றில் பயணச் செலவு இல்லை. ஒரு நாள் வேலையும் கெடுவதில்லை. எனினும் ஒரு குறை உண்டு. களத்துமேட்டில் கூடிப் பேசும்போது, சொன்னது விளங்கவில்லை என்பதை எதிரில் இருப்பவரின் முகமே காட்டிவிடும். காணொலியில் அது தெரிவதில்லை. ஆகவே, கலந்துகொண்டோரின் கருத்தை முறையாகக் கேட்டறிந்து அடுத்த கூட்டத்தைத் திருத்தி அமைப்பது மிகவும் அவசியம்.

வானொலி காட்டிய வழி

தொலைவிலிருந்து பேசுவோரும் கேட்போரும் கருத்துப் பரிமாறிக்கொள்வது புதிய முறையன்று. கனடா நாட்டில் 1941 முதல் 1965 வரை நடந்த பண்ணை வானொலி மன்றங்களில், அண்டை அயலார் ஒரு வீட்டில் கூடி நிகழ்ச்சியைக் கேட்டு விவாதித்தனர். தம் முடிவுகளை அவர்கள் எழுதி அனுப்ப, அவற்றின் சுருக்கம் பின்னர் ஒலிபரப்பாயிற்று.

இதே முறை 1956-இல் புனே வட்டாரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. யுனெஸ்கோவின் உதவியுடன் அகில இந்திய வானொலி ஏறத்தாழ 150 கிராமங்களில் மன்றங்களை அமைத்தது. 20 நிகழ்ச்சிகள் மராத்தியில் ஒலிபரப்பாயின. மன்றத்தினரின் ஐயங்கள் நிலையத்துக்கு எழுதி அனுப்பப்பட்டன. அவற்றுக்கு நிகழ்ச்சியிலேயே விடை தரப்பட்டது. டாடா சமூக அறிவியல் நிறுவனம் இதை ஆய்வு செய்தது. வானொலி மட்டும் இருந்த கிராமங்களைவிட, மன்றமும் இருந்த கிராமங்களில் மக்களின் அறிவு கூடுதலாக வளர்ந்திருந்தது. கேட்பதோடு நில்லாமல், கூடிப் பேசிப் பதில் அனுப்பியதில்தான் பயன் இருந்தது.

அளவு தவறினால் இழப்பு

துத்தநாகப் பற்றாக்குறை உள்ள நெல் வயலுக்கு எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடுமாறு கூட்டத்தில் சொல்லப்படுவதாகக் கொள்வோம். ஏக்கருக்கு இது 10 கிலோதான். அந்த நேரத்தில் ஒலி விட்டுவிட்டுக் கேட்டு, 25 கிலோவையே ஏக்கருக்கு ஒருவர் இட்டால், இரண்டரை மடங்கு உரம் செலவாகும். கூட்டம் நடத்தியவருக்கோ 50 பேர் கலந்துகொண்டனர் என்ற கணக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.

என்ன கேட்க வேண்டும்?

“கூட்டம் எப்படி இருந்தது?” என்று கேட்டால், “நன்றாக இருந்தது” என்றே மரியாதைக்குச் சொல்வார்கள். அதனால் திருத்தம் எதுவும் கிடைக்காது. கீழ்க்கண்ட நான்கு கேள்விகள் போதும்.

1. இன்று கேட்டதில் எதை உங்கள் வயலில் செய்யப் போகிறீர்கள்? உங்கள் நிலத்துக்கு எவ்வளவு இடுவீர்கள்?
2. எந்தப் பகுதி விளங்கவில்லை?
3. எதைத் தெரிந்துகொள்ள வந்தீர்கள்? அது பேசப்பட்டதா?
4. நேரம் தோதாக இருந்ததா? ஒலி தெளிவாகக் கேட்டதா?

இக்கேள்விகளைக் கூட்டம் முடிந்த அன்றே கேட்பது நலம். நாள் கடந்தால் விவரம் மறந்துவிடும். எழுதத் தயங்குவோர் குரல் பதிவாக அனுப்பலாம். குறை சொன்னவரின் பெயரைக் கூட்டத்தில் வெளியிடக் கூடாது. வெளியிட்டால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்.

விலகியவரிடமும் கேளுங்கள்

கடைசிவரை இருந்தவரிடம் மட்டும் கேட்பது பாதிக் கணக்கே. இடையில் விலகியவர், அழைத்தும் வராதவர் ஆகியோரில் ஐந்தாறு பேரையாவது தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும். மாலைப் பால் கறவை நேரத்தில் கூட்டம் வைத்தால் கறவை மாடு வைத்திருப்போர் எப்படி வருவார்கள்? மகன் வெளியே எடுத்துச் சென்ற கைபேசியில் தாய் எப்படிக் கூட்டம் கேட்பார்? இத்தகைய காரணங்கள் வராதவரிடம் கேட்டால்தான் தெரியவரும். பெண் உழவர்களிடம் குழுவின் பெண் உறுப்பினரே பேசுவது நல்லது. கைபேசி இல்லாதோர், ஒரு வீட்டில் பத்துப் பேராகக் கூடிக் கேட்டு, ஒருவர் மூலம் ஐயங்களை அனுப்பலாம்.

கேட்டதற்குப் பதில் வேண்டும்

வந்த கருத்துகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் பத்து நிமிடங்களை இதற்கென ஒதுக்க வேண்டும். உறுப்பினர்கள் கேட்டது என்ன, அதில் மாற்றப்பட்டது எது, மாற்ற இயலாதது எது, ஏன் என்று சொல்லிவிட்டே புதிய பொருளுக்குச் செல்ல வேண்டும். பலருக்கு விளங்காத பகுதியை மீண்டும் விளக்க வேண்டும். உர, மருந்து அளவுகளை ஏக்கர்க் கணக்கில் எழுத்தாகவும் அனுப்பிவிட வேண்டும்.

பதில் கிடைக்காத கருத்து ஓரிரு கூட்டங்களுடன் நின்றுவிடும். தாம் சொன்னபடி நேரம் மாறியது, தாம் கேட்ட பயிர் பேசப்பட்டது என்று கண்டால் உழவர்கள் தாமாகவே அடுத்த கூட்டத்துக்கு வருவார்கள். ஆகவே கூட்டம் நடத்துவோர், வந்தவர் எண்ணிக்கையோடு, திருத்தப்பட்ட குறைகளையும் கணக்கில் எழுதி வைத்தால் கூட்டங்கள் உழவர்க்குப் பயன் தரும்.