புழுங்கலரிசியும் பெரிபெரியும்: கோலாலம்பூரில் நடந்த சோற்று ஆய்வு

சிலாங்கூரின் ஈயச் சுரங்கங்கள் செழித்திருந்த காலத்தில், அங்கு உழைத்த சீனத் தொழிலாளர்களைப் பெருமளவில் பலிகொண்ட நோய் பெரிபெரி. கால்கள் மரத்து வீங்குவதும், பசி மங்குவதும், முடிவில் இதயம் தளர்ந்து மூச்சு முட்டுவதுமாக முற்றும் இந்நோயைத் தொற்றுநோய் என்றே அக்கால மருத்துவர் பலர் நம்பினர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் லியோனார்ட் பிராடன் மட்டும், ஒரே மழையையும் வெயிலையும் கண்டு வாழ்ந்த மக்களிடையே வேறுபாடு சோற்றுப் பானையில்தான் இருக்கிறது என்று வாதிட்டார்; ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட சீனர்களை நோய் தாக்க, புழுங்கலரிசி உண்ட தமிழர்களையும், வீட்டில் அவ்வப்போது குத்திய அரிசியை உண்ட மலாய்க்காரர்களையும் அது பெரும்பாலும் தொடவில்லை.

புழுங்கல் என்பது நெல்லை ஊறவைத்து, உமி லேசாக வாய் பிளக்கும்வரை அவித்து, களத்தில் உலர்த்திய பிறகே குத்துவது. தவிட்டில் இருக்கும் தயமின், அதாவது பி1 வைட்டமின், நீரில் கரையக்கூடியது. ஆகவே நெல் அவியும்போது அது அரிசியின் உட்புறத்துக்கு இறங்கி, இறுகும் மாவுச்சத்தோடு தங்கிவிடுகிறது, பின்னர் தவிட்டை நீக்கினாலும் கணிசமான பங்கு மிஞ்சுகிறது. பச்சரிசியில் அது தவிட்டோடு சேர்ந்து ஆலையிலேயே போய்விடுகிறது. வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், தலைமுறை தலைமுறையாக நெல் அவித்த பெண்களின் கைப்பழக்கம் ஒரு மருந்தாகவே இருந்திருக்கிறது.

பிராடனின் கருத்தைச் சோதித்தவர் கோலாலம்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1905 டிசம்பர் 5 அன்று மனநோயாளர் காப்பகத்தில் இருந்தவர்களை உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண் பெற்றவர்களுக்குப் பச்சரிசிச் சோறும், இரட்டைப்படை எண் பெற்றவர்களுக்குப் புழுங்கலரிசிச் சோறும் தரப்பட்டன. மற்ற உணவு இரு தரப்பினருக்கும் ஒன்றே. எண் வரிசைப்படி பிரித்ததால், திடமானவர்களை ஒரு பக்கம் சேர்க்க மருத்துவருக்கே வாய்ப்பில்லாமல் போனது. நோய்க்குக் கட்டடம் காரணமாக இருக்குமோ என்ற ஐயம் நீங்க, இடையில் இரு பிரிவினரும் தங்கள் கூடங்களை மாற்றிக்கொண்டனர், ஆனால் அரிசி மாறவில்லை. 1906ஆம் ஆண்டு முடிவில், பச்சரிசி உண்ட 120 பேரில் 30க்கும் மேற்பட்டோர் நோயுற்று 18 பேர் இறந்திருந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது, அவர்களும் சேர்க்கப்பட்டபோதே அதோடு வந்தவர்கள்.

1907இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த இந்த ஆய்வு, உணவு குறித்த மனித ஆய்வுகளின் வரலாற்றில் மிக நேர்த்தியாகத் திட்டமிடப்பட்டவற்றுள் ஒன்று. ஆயினும் அந்த 18 பேரும் தங்கள் தட்டில் எந்த அரிசி விழ வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் நிலையில் இல்லாதவர்கள் என்பதை மறந்துவிட்டு இதைப் பாராட்டுவது முறையாகாது. பங்கேற்பவரின் இசைவும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இல்லாமல் இப்படியோர் ஆய்வை இன்று தொடங்கவே முடியாது.

கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும், ஜெலுபுவில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே முடிவைக் கண்டதோடு, நோயைத் தடுக்கும் பொருள் தவிட்டில் இருப்பதையும் நிறுவினர். அப்பொருள் 1926இல் ஜாவாவில் தனியே பிரித்தெடுக்கப்பட்டது.

இன்று கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அரிசி வாங்கும் தமிழர்களின் கவலை பெரிபெரி அன்று, நீரிழிவு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது, இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். ஒரு சோறு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று அறியும் சோதனையில், 50 கிராம் மாவுச்சத்து அடங்கிய சோற்றை உண்டவரின் இரத்தச் சர்க்கரையை இரண்டு மணி நேரம் அளந்து, அதே அளவு குளுக்கோஸ் உண்டபோது ஏறியதோடு ஒப்பிடுகின்றனர். ஒரே நெல்லில், பச்சரிசியைவிடப் புழுங்கல் பொதுவாகச் சர்க்கரையை மெதுவாக ஏற்றுகிறது என்றாலும், நெல்லின் வகைக்கும் அவித்த விதத்துக்கும் ஏற்ப அந்த வேறுபாடு கூடும், குறையும். தட்டில் சோறு இரட்டிப்பானால், அந்தச் சிறு நன்மையும் அதிலேயே கரைந்துவிடும்.