சத்தியமும் சிகிச்சையும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலே ஒருவன் குடியை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டால், அவன் எந்தக் கோயிலிலே சத்தியம் செய்தான் என்பதே அயலவர் கேட்கும் முதற் கேள்வியாக இருக்கும். மாரியம்மன் சந்நிதியிலே கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தோரும், ஐயப்பனுக்கு மாலையணிந்து விரதம் பூண்டோரும், தேவாலயத்திலே பாதிரியார் முன்னிலையில் வாக்குக் கொடுத்தோரும் தோட்டந்தோறும் உளர். அவர்களுட் சிலர் கொடுத்த வாக்கைக் காத்தும் வருகின்றனர். ஆதலால் சத்தியத்தை எள்ளி நகையாடுவதற்கு இடமில்லை. ஆயின், காலை எழுந்தவுடன் குடித்தாலன்றிக் கைநடுக்கம் தீராத நிலையிலுள்ள ஒருவன், கற்பூரத்தை அணைத்த அன்றே குடியை முற்றாக நிறுத்துவானாயின் அவன் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். இவ்வுண்மையை அறிந்தோர் மிகச் சிலரே. அறியாமையினால் நேரும் துன்பமோ பெரிது.

மதுவானது மூளையின் வேகத்தைத் தணிக்கும் பொருள். ஆண்டுக்கணக்காக நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவருபவனுடைய மூளை, தன் இயக்கம் குன்றிப்போகாமற் காத்துக்கொள்ளும் பொருட்டு, நரம்புகளின் துடிப்பைக் கூட்டிக்கொள்ளுகின்றது. மேட்டிலே பாரவண்டியை இழுக்கும் மாடு முன்னோக்கிச் சாய்ந்து நிற்பதை ஒத்த நிலை அது. வண்டியின் கயிறு திடீரென்று அறுந்தால் மாடு தலைகுப்புற விழுமன்றோ? அவ்வாறே மது திடீரென்று நின்றதும், எதிர்ப்பின்றி விடப்பட்ட நரம்புத் துடிப்பு உடலை உலுக்கிவிடுகின்றது.

கடைசியாகக் குடித்து 6 முதல் 8 மணித்தியாலங்களுள் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு என்பன தோன்றும்; உறக்கம் வராது. பலருக்கு இத்துன்பம் இவ்வளவோடு சில நாட்களில் அடங்கிவிடும். வேறு சிலருக்கு முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு உண்டாகும். இன்னுஞ் சிலருக்கு 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையிலே புத்தி தடுமாறும். இருக்கும் இடமும் நேரமும் தெரியா. சுவரிலே பூச்சிகள் ஊர்வதாகவும், யாரோ கொல்ல வருவதாகவும் கூறி அலறுவர். உடல் கொதிக்கும், நாடி விரைந்தோடும். உரிய சிகிச்சை கிடையாவிடின் இந்நிலையிலே இறந்துபோவோரும் உண்டு.

லயத்து அறையிலே நள்ளிரவில் இவ்வாறு நடந்தால், வீட்டார் என்ன நினைப்பர்? மாலை வரை சாதுவாக இருந்தவன் கண்ணுக்குத் தெரியாத எவரோடோ பேசுகின்றான் என்றால், பேய் பிடித்தது என்பர், செய்வினை என்பர், சத்தியத்தை மனத்தினால் மீறியமைக்குச் சாமி தண்டித்தது என்றும் கூறுவர். பூசாரியை அழைத்து வேப்பிலை அடிப்பதிலே பெறுமதிமிக்க மணித்தியாலங்கள் கழிந்துவிடும். மற்றொரு சாரார், ஒரு கிளாஸ் சாராயத்தைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று கொடுப்பர். நடுக்கமும் சிறிது அடங்கும். அவ்வளவில் அம்மனிதன், குடி தன்னைக் கெடுக்கவில்லை, குடியை விட்டதே தன்னைக் கெடுத்தது என்று முடிவுகட்டிவிடுவான். அடுத்த சத்தியத்துக்கு அவனை அழைத்துச் செல்வது அரிது.

வலிப்போ புத்தித் தடுமாற்றமோ கண்டால் செய்யவேண்டியது ஒன்றே: தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல். 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் சுவ சேரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். இந்திய உதவியுடன் 2016ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இச்சேவை, பின்னர் எல்லா மாகாணங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வண்டி ஏறமுடியாத மேற்கணக்கு லயங்களாயின், நோயாளியைப் பிரதான பாதைவரை தூக்கிவர நான்கு பேரை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தல் வேண்டும். வைத்தியசாலையிலே, எத்தனை நாளாக, எவ்வளவு குடித்தார், எப்பொழுது நிறுத்தினார் என்பதை மறைக்காமற் சொல்லல் அவசியம். வெட்கத்தினால் வெறுங் காய்ச்சல் என்று சொல்லிவைப்போர் வைத்தியரைத் திசைதிருப்பிவிடுகின்றனர்.

இனி, இத்தகைய அவசரம் நேருமுன்னரே வழிதேட விரும்புவோர் எங்கே தொடங்குவது? கொழும்பிலே தொடங்கவேண்டும் என்னும் எண்ணமே பலரைத் தடுத்துவிடுகிறது. தோட்டத்து டிஸ்பென்சரியிலுள்ள வைத்திய உதவியாளரிடமே தொடங்கலாம். அவர் குடியை நிறுத்தும் சிகிச்சையைச் செய்பவரல்லர். எனினும் எந்த வைத்தியசாலையிலே, எந்நாளில், மனநல வைத்திய அலுவலர் நோயாளரைப் பார்க்கின்றார் என்பதை விசாரித்து, துண்டு எழுதிக் கொடுக்க வல்லவர். ஹட்டன் பகுதியினர்க்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை அண்மையிலுள்ளது. இந்திய அரசின் உதவியால் 150 கட்டில்களுடன் எழுப்பப்பட்ட அதன் புதிய கட்டடம் 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியினால் திறந்துவைக்கப்பட்டது. நுவரெலியா, நானுஓயாப் பகுதியினர் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையை நாடலாம். அதற்கும் மேற்பட்ட சிகிச்சை வேண்டுமாயின் கண்டியும் பேராதனையும் உள்ளன. ஹட்டனிலே புகையிரதம் ஏறினால், நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைச் சந்தியில் இறங்கலாம்.

குடிக்கு வைத்தியம் பார்க்க மனநலப் பிரிவுக்குப் போவதா என்று முகஞ்சுளிப்போர் பலர். அங்கொடைக்கு அனுப்பவேண்டியவன் என்று ஒருவரை வைவது இந்நாட்டிலே நெடுங்கால வழக்கு. மனநலச் சேவை அங்கொடை வைத்தியசாலை ஒன்றிலேயே குவிந்திராமல் மாவட்டங்களுக்குச் செல்லுதல் வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கை வகுத்தது. ஆகவே மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவென்பது பைத்தியக்காரரை அடைக்கும் இடமன்று. உறக்கமின்றித் தவிப்போரும், பிள்ளைப்பேற்றின் பின் மனஞ்சோர்ந்த தாய்மாரும், குடியை விட முயல்வோரும் ஒரே வாங்கிலே அமர்ந்து முறைவருமளவும் காத்திருக்கும் இடம் அது. உலக சுகாதார தாபனத்தின் நிபுணர் குழுவொன்று 1964ஆம் ஆண்டிலேயே, அடிமைப்படுதல் என்னும் பொருள்படும் பழைய சொல்லை விடுத்து, பொருளொன்றிலே தங்கிவிடுதல் என்னும் கருத்தமைந்த சொல்லைக் கைக்கொள்ளும்படி பரிந்துரைத்தது. ஒழுக்கக்கேடு என்று மட்டுமே கொள்ளப்பட்டது நோயாகவும் நோக்கப்படலாயிற்று. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனியதிகாரம் வகுத்தார். குடியின் கேட்டை இடித்துரைக்கும் நூல்கள் தமிழிலே நிறைய உள. விட முயல்பவன் 3ஆம் நாள் இரவை எவ்வாறு கழிப்பது என்று சொல்லும் நூலைத் தேடியே காணவேண்டும்.

வைத்தியசாலையிலே செய்யப்படுவதில் மாயமெதுவுமில்லை. டயசிபாம், குளோர்டயசிபொக்சைட்டு முதலிய மருந்துகளுள் ஒன்றைக் கொடுத்து நரம்புத் துடிப்பை அடக்கி, அதன் அளவை நாளுக்குநாள் குறைத்து, ஏறக்குறைய ஒரு வாரத்திலே நிறுத்திவிடுவர். நெடுநாட் குடியர் சோற்றை மறந்தவராதலால் அவர் உடலிலே தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து குன்றியிருக்கும். அக்குறை நீடித்தால் நினைவாற்றல் மீளாதவாறு கெட்டுவிடுமாகையால் அதனை ஊசிமூலம் ஏற்றுவர். இம்மருந்துகளைப் பட்டினத்துக் கடையிலே வாங்கி வீட்டிலே கொடுத்துப் பார்க்கலாமே என்பாரும் உளர். அது ஆகாது. அவையும் பழக்கமாகக் கூடியவை. மதுவுடன் சேர்ந்தாலோ மூச்சை அடக்கிவிடும்.

இவ்விடத்தில், குடிப்பவருக்குத் தெரியாமற் சோற்றிலே கலந்து கொடுக்கலாம் என்று விளம்பரஞ் செய்யப்படும் தூள்களைப் பற்றியும் கூறாதிருத்தல் முறையன்று. அத்தூளில் என்ன கலந்திருக்கின்றதென்று வாங்குபவருக்குத் தெரியாது. மது அருந்தியவுடன் முகஞ்சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடக்கச் செய்யும் டைசல்பிரம் என்றொரு மருந்து உண்மையிலேயே உண்டு. அதனை நோயாளியின் முழுச் சம்மதத்தோடும், இதயமும் ஈரலும் சோதிக்கப்பட்ட பின்னருமே வைத்தியர் கொடுப்பர். அறியாமல் உண்டவன் மேலுங் குடிப்பானாயின் விளைவு உயிராபத்தாகலாம். பாசத்தினால் நஞ்சூட்டிய பழி மனைவிமேல் விழவேண்டுமா?

மதுவன்றி ஹெரோயின், ஐஸ் முதலியனவும் இன்று மலைநாட்டுப் பட்டினங்களை எட்டிவிட்டன. அவற்றின் இயல்பு வேறு. ஹெரோயினை நிறுத்துபவனுக்கு எலும்பெல்லாம் நோகும், வயிறு கழியும், உறக்கம் வராது. எனினும் அதனால் உயிர் பிரிவது அரிது. ஆபத்து பின்னரே உள்ளது. சில கிழமைகள் நிறுத்தியிருந்தவனுடைய உடல் பழைய அளவைத் தாங்கும் வலுவை இழந்திருக்கும். அவன் ஒருநாள் சறுக்கிப் பழைய அளவையே எடுப்பானாயின் மூச்சு நின்றுவிடும். ஐஸை நிறுத்தியவர் சில நாட்கள் மிகுதியாக உறங்கி, பின் கடுஞ்சோர்வுக்கு ஆளாவர். தற்கொலை எண்ணம் தோன்றும் காலம் அதுவாகையால் அவரைத் தனியே விடலாகாது.

1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை, தலங்கமை, கண்டி, காலி, நிட்டம்புவை ஆகிய இடங்களிலே சிகிச்சை நிலையங்களை அமைத்தது. அவற்றுள் மலைநாட்டார்க்கு அண்மையது கண்டியே. அச்சபையின் ஆலோசனைத் தொலைபேசி இலக்கம் 1927. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. அழைத்தவுடன் தமிழிலே பேசுபவர் வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளல் நன்று. மாவட்ட மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் தமிழராயிருக்க, மனத்திலுள்ளதைச் சொல்லிச் சிகிச்சைபெறும் இடத்திலே மொழிபெயர்ப்பாளராகத் தம் பிள்ளையை அழைத்துச் செல்லும் நிலை இரங்கத்தக்கது. தந்தையின் குடிக் கணக்கைப் பத்து வயதுச் சிறுமி வைத்தியருக்குச் சிங்களத்திலே எடுத்துரைத்தல் எவருக்கும் பெருமையன்று. பிரதேச செயலகத்திலே உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பாராயின் அவரிடம் இதனைக் கூறித் துணைவேண்டலாம்.

கணவனைப் பொலீசார் பிடித்துச் சென்று சிகிச்சைக்கு அனுப்பமாட்டார்களா என்று ஏங்கும் பெண்கள் உளர். போதைப்பொருளில் தங்கியிருப்போரின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றக் கட்டளையால் சிகிச்சைக்கனுப்ப வழிசெய்கின்றது. ஆயின் அது அபாயகர ஔடதங்களைப் பற்றியதேயன்றிச் சாராயத்தைப் பற்றியதன்று. தனியார் சிகிச்சை நிலையங்கள் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. ஆகையால் பணங்கட்டுமுன் அனுமதிப்பத்திரம் உண்டா, வைத்தியர் வந்து பார்க்கின்றாரா, வீட்டார் சென்று காணலாமா என்று கேட்டறிதல் வேண்டும். குடித்துவந்து அடிக்கும் கணவனிடமிருந்து பாதுகாப்புப் பெறுவது வேறு கருமம். அதற்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. பெண்களுக்குரிய 1938 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு. கணவன் திருந்துமட்டும் அடியைப் பொறுத்திரு என்று எந்த வைத்தியமும் சொல்லவில்லை.

வழி இருந்தும் செல்லாதிருப்பதற்கு அறியாமை ஒன்றே காரணமன்று. ஒரு வாரம் விடுதியில் இருந்தால் ஒரு வாரம் செக்ரோலிலே பேர் விழாது. துணைக்கு நிற்கும் மனைவியின் பேரும் விழாது. கொழுந்து மிகுந்த மாதத்திலே இவ்விழப்பைத் தாங்க வல்ல குடும்பங்கள் எத்தனை? குடிக்குச் செலவான தொகையோடு ஒப்பிட்டால் இவ்விழப்பு சிறிதே என்று வெளியில் நிற்பவர் எளிதிற் கணக்குப் போடுவர். சம்பள நாளன்று கடைக்கணக்கைத் தீர்க்கவேண்டியவளுக்கு அக்கணக்கு உதவாது. கொழுந்து குறைந்த மாதத்தைத் தெரிவுசெய்தலும், தொழிற்சங்கப் பிரதிநிதி மூலமாகத் தோட்ட நிருவாகத்திடம் முன்னரே லீவு பேசிவைத்தலும் ஓரளவு கைகொடுக்கும்.

இத்தடையை வேறொரு வகையாக வென்ற முயற்சியொன்று தமிழ்நாட்டிலே உண்டு. குடியினாற் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார் 1980ஆம் ஆண்டிலே, கணவர் பெயராலேயே டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையத்தைச் சென்னையில் நிறுவினார். பட்டணத்து விடுதிக்குக் கிராமத்துக் கூலியாள் வரமாட்டான் என்பதைக் கண்டு, அந்நிலையத்தார் காவிரிப் படுகையிலுள்ள மஞ்சக்குடி என்னும் ஊருக்கே சென்று முகாம் அமைத்தனர். வைத்தியரும் ஆலோசகரும் ஊருக்கு வந்தனர். ஊரார் இடமும் ஆதரவும் தந்தனர். குடித்தவரோடு அவர் மனைவியரும் அழைக்கப்பட்டனர். ஊரே அறிய நடந்தமையால் ஒளித்து வைக்க ஏதுமில்லாதுபோயிற்று. முகாம் முடிந்தபின் அவனைக் குடிக்க அழைக்கவேண்டியவனும் அதே ஊரானாகையால் அழைக்கக் கூசினான். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவோ, பாடசாலை மண்டபமோ விடுமுறையிலே இத்தகைய முகாமுக்கு இடந்தராதா என்பது தோட்ட நிருவாகமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

முதல் வாரம் கழிந்து வீடு திரும்பியவன், சம்பள நாளன்று தவறணை வாசலைக் கடந்தே லயத்துக்கு வரவேண்டும். பலர் சறுக்குவர். சறுக்கியவனைப் பார்த்து, வைத்தியமும் வீணாயிற்று என்று கைவிடுதல் பெருந்தவறு. நீரிழிவுக்காரர் ஒருநாள் இனிப்பை உண்டுவிட்டால் மருந்தை நிறுத்திவிடுகின்றோமா? சத்தியத்திற்கு உரிய இடம் இங்கேதான் இருக்கின்றது. உடல் மதுவை மறந்த பின்னர் செய்யும் சத்தியம் உடலோடு போராடவேண்டியதில்லை. தவறணை வாசலைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு அதுவே கைத்தடியாகும்.

கணவன் வர மறுத்தாலும் மனைவி தனியே சென்று வைத்தியரோடு பேசலாம். வைத்தியசாலையிலே கொடுத்த சிகிச்சைக் கொப்பியைத் தொலைக்காது வைத்திருத்தல் வேண்டும். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பதையே மறுமுறை செல்லும்போது வைத்தியர் முதலிற் பார்ப்பார். ஒருமுறை வந்தவருக்கு அடுத்தமுறை நிறுத்தும்போதும் வரக்கூடுமாகையால், அத்தகையவரை வீட்டிலே வைத்து மருந்து கொடுக்காமல் விடுதியிலேயே அனுமதிப்பர்.